மறு: கேப்பிட்டலுக்குப் ‘போதிகை’ பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

கிரேக்கத் தூணின் உச்சிப் பகுதியான கேப்பிட்டலைத் தமிழில் ‘போதிகை’ என்று அழைக்கலாம் என முந்தைய மடலில் வந்த பரிந்துரையை என்னால் ஏற்க முடியவில்லை. ஸ்தபதிகளின் சொற்களில்தான் முதலில் தேட வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த உறுப்பு என்ன வேலை செய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும் அல்லவா?

நம் கோயில் தூணில் தாமரைக்கட்டு, கலசம், குடம், பலகை, வீரகண்டம் என்று ஏறி, உச்சியில் போதிகை வருகிறது. இருபுறமும் கை நீட்டி உத்தரத்தைத் தாங்குவது அது. ஏதென்ஸின் பார்த்தினான் கோயிலில், டோரிக் என்னும் கிரேக்கப் பாணியில் அமைந்த வெளிவரிசைத் தூண்களில் அப்படி ஓர் உறுப்பே இல்லை. மேல்நோக்கி விரியும் வட்டப் பகுதி, அதன்மேல் சதுரக் கல், உடனே உத்தரம். அந்தச் சதுரக் கல்லான அபாகஸுக்குப் ‘பலகை’, தூண்கள்மேல் கிடக்கும் ஆர்க்கிட்ரேவுக்கு ‘உத்தரம்’ இரண்டையும் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். கேப்பிட்டல் முழுமைக்கும் ‘தூண்தலை’ போதும். மற்ற இரு கிரேக்கப் பாணிகளான அயோனியத்தின் சுருளுக்கும் கொரிந்தியத்தின் இலைகளுக்கும் அது செல்லும்.

அதிகம் யோசிக்க வேண்டியது, உத்தரத்துக்கு மேலுள்ள வரிசையில் இடைவிட்டு வரும் கல்லான டிரைகிளிஃப். ‘முக்கோட்டுப் பட்டை’ வேண்டாம். கல்லை உற்றுப் பார்த்தால் அவை கோடுகள் அல்ல, செதுக்கிய பள்ளங்கள். நடுவில் இரண்டு முழுப் பள்ளம், இரு ஓரத்திலும் அரைப் பள்ளம், கூட்டினால் மூன்று. உழவுச்சால் போலவே நெடுக ஓடுவதால் ‘முச்சால்’ என்று முன்மொழிகிறேன். மரக்கட்டடக் காலத்தில் விட்டங்களின் அறுத்த முனைகளை மறைக்க அடித்த பலகைகளே பின்னர் கல்லில் இப்படி ஆயின என்று ரோமானியரான விட்ருவியஸ் எழுதினார். அதை வைத்து ‘விட்டமுனை’ என்பது அழகுதான். ஆனால் அவர் விளக்கத்தை ஆய்வாளர்கள் எல்லோரும் ஏற்கவில்லை. வழக்கு முடியாத கருத்தைப் பெயருக்குள் பூட்டிவிடக் கூடாது.

முச்சால்களுக்கு நடுவே வரும் கற்பலகையான மெட்டோப்பைச் ‘சிற்பக்கல்’ என்பதும் சரியல்ல. ஏதென்ஸின் ஹெஃபைஸ்டோஸ் கோயிலில் 68 மெட்டோப்புகளில் 18இல் மட்டுமே சிற்பம் உண்டு. ‘இடைக்கல்’ என்றால் இரண்டு வகைக்கும் பொருந்தும்.

இவற்றுக்கு மேலே கூரையோரமாக வெளியே நீளும் கார்னிஸுக்குக் ‘கொடுங்கை’ என்பதில்தான் எனக்குத் தயக்கம். மழைநீரைச் சுவரில் படாமல் தள்ளும் வேலை இரண்டுக்கும் ஒன்றே. ஆனால் கொடுங்கை வளைந்து இறங்கும், கிரேக்கக் கார்னிஸ் நேராக நீட்டி நிற்கும். ‘இறவாரம்’ பொருந்துமா? கோயில் திருப்பணியில் பழகியவர்கள் சொல்லுங்கள்.