பர்வானாவின் கதையை யார் எழுத வேண்டும்?

புத்தகப்பெட்டி (தஞ்சாவூர்):

எங்கள் தெருவில் ஞாயிறுதோறும் பதினொன்று முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஒரு வாசிப்பு வட்டம் நடத்திவருகிறேன். வரும் கோடை விடுமுறையில் பிற நாட்டுப் பிள்ளைகளின் கதைகளையே படிக்கலாம் என்று பட்டியல் போட்டபோது, புகழ்பெற்ற இரண்டு நாவல்களை நீக்கிவிட்டேன். காரணத்தை இங்கே வைக்கிறேன். மறுப்பவர்கள் தாராளமாக மறுக்கலாம்.

முதலாவது, கனடா எழுத்தாளர் டெபோரா எல்லிஸ் 2000-இல் வெளியிட்ட ‘தி பிரெட்வின்னர்’. தாலிபான் ஆட்சியில் இருந்த காபூலில், தந்தையைச் சிறைக்குக் கொண்டுபோன பிறகு, பதினொரு வயதுப் பர்வானா தலைமுடியை வெட்டிக்கொண்டு பையன் வேடத்தில் சந்தைக்குப் போய்ச் சம்பாதிக்கிறாள். இரண்டாவது, அமெரிக்க எழுத்தாளர் குளோரியா வீலன் எழுதி, அதே 2000-இல் அமெரிக்கத் தேசிய நூல் விருதை இளையோர் பிரிவில் பெற்ற ‘ஹோம்லெஸ் பேர்ட்’. இதில் கோலி என்ற பெண் பதின்மூன்று வயதில் மணமாகி, விரைவிலேயே விதவையாகி, கைவிடப்பட்ட விதவைகள் பலர் வாழும் வட இந்தியக் கோயில் நகரமான பிருந்தாவனத்தில் மாமியாரால் கைவிடப்படுகிறாள்.

கோலியின் கதையை இரண்டு முறை படித்தேன். குழந்தை மணம், வரதட்சணை, காசநோய்க்கார மணமகன், கங்கை நீர் நோயைத் தீர்க்கும் என்ற நம்பிக்கை, கொடுமை செய்யும் மாமியார், பிருந்தாவனம் என்று, இந்தியாவைப் பற்றி வெளியார் கேள்விப்பட்டிருக்கக்கூடிய அத்தனையும் ஒரே சிறுமியின் தலையில் அடுத்தடுத்து விழுகின்றன. இதனோடு காஷ்மீரா சேத் 2007-இல் எழுதிய ‘கீப்பிங் கார்னர்’ நாவலை வைத்துப் பாருங்கள். அவர் குஜராத்தின் பவநகரில் பிறந்தவர். தம் குடும்பத்தில் பாட்டி முறையான ஒருவரின் வாழ்க்கையிலிருந்து அந்தக் கதையை எடுத்தார். 1918-இல் பன்னிரண்டு வயது லீலா விதவையாகி, ஓராண்டு வீட்டை விட்டு வெளியே வராமல் மூலையில் இருக்க வேண்டியவளாகிறாள். கைம்மைக் கொடுமை இதிலும் குறையவில்லை. ஆனால் லீலாவுக்கு வளையல் மீது ஆசை இருக்கிறது. அவளுக்காகப் பேசுகிற அண்ணன் இருக்கிறான். வீட்டுக்கே வந்து பாடம் சொல்லித் தரும் ஆசிரியை இருக்கிறார். வழக்கத்தை ஏற்பவர்களும் எதிர்ப்பவர்களும் ஒரே கூரையின் கீழ் வாழ்கிறார்கள்.

ஆகவே இந்த ஆண்டு ஒரு விதி வைத்துக்கொண்டேன்: ஒரு நாட்டுப் பிள்ளையின் கதையை, அந்த மண்ணில் பிறந்தவர் எழுதியிருந்தால் மட்டுமே எடுப்பேன்.

நெல்லை வாசகர்:

ஐயா, கோலியைப் பற்றி நீங்கள் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். விதியை அறவே ஏற்கவில்லை. அந்த விதி யாரை உள்ளே விடும் என்று எண்ணிப் பார்த்தீர்களா?

எழுத்தாளர் பெவர்லி நைடூ தென்னாப்பிரிக்காவின் ஜோஹன்னஸ்பர்க்கில் பிறந்தவர், வெள்ளையர். அவருடைய ‘ஜர்னி டு ஜோபர்க்’ 1985-இல் வெளிவந்தது. கைக்குழந்தையான தங்கை நோயில் கிடக்க, நகரத்தில் ஒரு வெள்ளையர் வீட்டில் வேலை செய்யும் அம்மாவை அழைத்துவர, நலெடியும் அவள் தம்பி டிரோவும் 300 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஜோஹன்னஸ்பர்க்கை நோக்கி நடக்கத் தொடங்குகிறார்கள். தம்மை வளர்த்த பணிப்பெண்ணின் இரண்டு சிறு பெண்கள், தாயை விட்டு வெகு தொலைவில், தொண்டை அடைப்பான் நோயில் இறந்துபோனதை நைடூ சிறுவயதிலேயே அறிந்தவர். ஆயினும் கறுப்பினத்தவர் குடியிருப்பில் அவர் வாழ்ந்ததில்லை; அங்கே வாழ்வதற்கு அன்றைய இனஒதுக்கல் சட்டமும் அவரை விட்டிருக்காது. பிறந்த மண் என்று பார்த்தால் அவர் உங்கள் விதியில் தேறிவிடுவார். வாழ்ந்த வாழ்க்கை என்று பார்த்தால், காபூலுக்கு எல்லிஸ் எவ்வளவு வெளியாளோ, நலெடியின் ஊருக்கு இவரும் ஏறக்குறைய அவ்வளவு வெளியாள். அப்படியிருந்தும் அந்த நூலைத் தென்னாப்பிரிக்க அரசு 1991 வரை தடைசெய்து வைத்திருந்தது. உண்மை சுட்டதால்தானே தடை வந்தது?

எல்லிஸும் வீட்டில் உட்கார்ந்து கற்பனை செய்தவர் அல்லர். பாகிஸ்தானில் இருந்த ஆப்கான் அகதி முகாம்களுக்குப் போய்ப் பெண்களிடமும் சிறுமிகளிடமும் பேசி எழுதினார். அந்த நூலின் வருவாயை ஆப்கான் பெண்களுக்காக உழைக்கும் அமைப்புக்கு அளித்தார். பெண் பிள்ளைகள் பள்ளிக்குப் போகவே தடை இருந்த 1990களின் பிற்பகுதியில், காபூலிலேயே ஒரு பெண் இந்த நாவலை எழுதி அங்கேயே அச்சிடும் வரை உலகத்துப் பிள்ளைகள் காத்திருக்க வேண்டும் என்கிறீர்களா?

ஸ்காபரோ தாய்:

நான் 1993-இல் யாழ்ப்பாணத்திலிருந்து கனடாவுக்கு வந்தவள்; அப்போது எனக்குப் பதினொரு வயது. சேர்ந்த பள்ளியில் ஆசிரியை ஒருவர், என்னை வரவேற்கும் நல்ல எண்ணத்தோடு, போரிலிருந்து தப்பிவரும் ஒரு பிள்ளையின் கதையை வகுப்பில் படித்துக்காட்டினார். அந்தக் கதைப் பிள்ளைக்குப் பயத்தைத் தவிர வேறு குணமே இல்லை. வகுப்பு முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் கிடைக்காத நாட்களில் ஜாம் போத்தல் விளக்கைச் சுற்றி உட்கார்ந்து படித்ததும், அந்த வெளிச்சத்துக்காக மச்சாளோடு சண்டை பிடித்ததும், பங்கருக்குள் போளை உருட்டி அம்மாவிடம் அடி வாங்கியதும் எனக்குள் இருந்தன. அவற்றைக் கேட்க அங்கே யாருக்கும் தோன்றவில்லை. என் கதையை அந்தப் புத்தகமே சொல்லி முடித்துவிட்டதாக எல்லோரும் நினைத்துவிட்டார்கள்.

இப்போது பன்னிரண்டு வயதான என் மகளின் வகுப்பில் ‘தி பிரெட்வின்னர்’ பாடமாக இருக்கிறது. அவளோடு ஓர் ஆப்கான் மாணவியும் படிக்கிறாள். நூலில் எந்தக் கேள்வி எழுந்தாலும் எல்லோருடைய முகமும் அந்தப் பிள்ளையின் பக்கம் திரும்புகிறதாம். அவளோ பிறந்ததிலிருந்து காபூலைப் பார்த்ததே இல்லை. “அம்மா, அந்த நாட்டில் நல்ல நாள் என்று ஒன்று இருந்ததே இல்லையா?” என்று என் மகள் கேட்டாள். எல்லிஸ் எவ்வளவு நேர்மையாக உழைத்தார் என்பதில் எனக்கு ஐயமில்லை, நெல்லை ஐயா. ஆனால் ஒரு நாட்டைப் பற்றி ஒரு வகுப்பு படிக்கும் ஒரே நூல் வெளியாளின் நூலாக இருக்கும்போது, அதன் பாரத்தைச் சுமப்பது அந்த நாட்டுப் பிள்ளைதான்.

புத்தகப்பெட்டி (தஞ்சாவூர்):

அம்மா சொன்னதைத்தான் என்னால் சரியாகச் சொல்ல முடியாமல் இருந்தது. நைடூவைப் பற்றி நெல்லை வாசகர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு என்னிடம் உடனடி விடை இல்லை. ஆயினும் நைடூ அந்த நாட்டின் குற்றத்தில் தமக்கும் பங்குண்டு என்று உணர்ந்து எழுதியவர். 1964-இல் விசாரணையின்றிச் சிறையில் வைக்கப்பட்டு, பிறகு இங்கிலாந்து சென்றவர். அந்தப் பொறுப்புணர்வு வேறு, தொலைவிலிருந்து வரும் இரக்கம் வேறு என்றே இப்போதும் நினைக்கிறேன்.

பதினொன்றாம் வகுப்பு மாணவி:

பெரியவர்கள் பேசும் இடத்தில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். பன்னிரண்டு வயதில் ‘தி பிரெட்வின்னர்’ நாவலைப் படித்தவள் என்ற முறையில் இரண்டு காட்சிகளைச் சொல்ல விரும்புகிறேன். சந்தையில் பர்வானா உட்காரும் இடத்துக்கு மேலே, கறுப்புச் சாயம் பூசிய ஒரு ஜன்னல் இருக்கிறது. அதற்குப் பின்னால் இருக்கும் பெண், பூவேலை செய்த துணித்துண்டு, மாலையில் கோக்கும் ஒரு மணி என்று சின்னச் சின்னப் பொருட்களைக் கீழே போடுகிறாள். அவள் யார் என்பது கடைசி வரை தெரியாது. அந்த இடத்தை விட்டுப் போகும்போது, ஜன்னல் பெண்ணுக்குத் தெரியட்டும் என்று பர்வானா அங்கே காட்டுப்பூச் செடிகளை நட்டுவிட்டுப் போகிறாள்.

இன்னொன்று, இறந்துபோன தன் மனைவிக்கு வந்திருந்த கடிதத்தைப் படித்துச் சொல்லுமாறு ஒரு தாலிபான் வீரர் பர்வானாவிடம் கேட்கும் இடம். கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவர் கண்ணில் நீர் வழிகிறது. அதுவரை அவரைப் போன்றவர்களைக் கண்டு பயந்த பர்வானா குழம்பிப்போகிறாள், நானும் குழம்பினேன். இந்தக் கதையில் துன்பம் மட்டுமே இருக்கிறது என்று யாராவது சொன்னால், அவர்கள் வேறு ஏதோ புத்தகத்தைப் படித்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மொழிபெயர்ப்பாளர் (கோவை):

எழுதியவர் எங்கே பிறந்தார் என்பதைவிட, அந்தப் பக்கம் யாருடன் பேசுகிறது என்று கேட்பது இன்னும் பயன்படும். ‘தி பிரெட்வின்னர்’ நூலின் இறுதியில் அருஞ்சொற்பொருள் பட்டியல் ஒன்று உண்டு. ‘நான்’ என்றால் ரொட்டி, ‘தோஷக்’ என்றால் உட்காரவும் படுக்கவும் உதவும் மெத்தை என்று அது விளக்குகிறது. தோஷக் என்றால் என்ன என்று எந்தக் காபூல் பிள்ளைக்கும் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பட்டியல் டொராண்டோ பிள்ளைக்காகப் போடப்பட்டது. இந்த அளவுகோலை வைத்தால், புத்தகப்பெட்டி ஐயா போற்றும் ‘கீப்பிங் கார்னர்’ நாவலும் தப்பாது. காஷ்மீரா சேத் பதினேழு வயதில் அமெரிக்கா சென்றவர். அந்த நாவலை ஆங்கிலத்தில், அங்குள்ள பிள்ளைகளை முதன்மை வாசகர்களாகக் கொண்டு எழுதினார். அது நல்ல நூல்தான். ஆனால் பவநகரில் இன்று குஜராத்தியில் படிக்கும் ஒரு பிள்ளையை எதிரே உட்காரவைத்துச் சொன்ன கதை அன்று.

இதற்கு மாறாக ‘டோட்டோ-சான்’ நூலைப் பாருங்கள். டோட்டோ-சான் என்று அழைக்கப்பட்ட தம் பள்ளிப் பருவத்தைப் பற்றி தெத்சுகோ குரோயாநகி ஜப்பானியரை நோக்கி ஜப்பானிய மொழியில் எழுதி, 1981-இல் நூலாக வந்தது. டோமோயே பள்ளியின் தலைமையாசிரியர் கோபயாஷி, மதிய உணவில் கடலிலிருந்து கொஞ்சம், மலையிலிருந்து கொஞ்சம் இருக்க வேண்டும் என்று பெற்றோரிடம் சொல்கிறார். வகுப்புகள் பழைய ரயில் பெட்டிகளில் நடக்கின்றன. போலியோவால் கைகால் நலிந்த யசுவாகி-சானை டோட்டோ-சான் தன் மரத்தின் மீது ஏற்றிவிடுகிறாள். 1945-இல் குண்டுவீச்சில் பள்ளி எரிந்துபோகிறது. ஜப்பானியப் பழக்கவழக்கம் என்ற பெயரில் நமக்குப் பாடம் நடத்தும் நோக்கம் அதில் எங்குமே இல்லை. நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்ட தமிழ்ப் பதிப்பை ஒரு பன்னிரண்டு வயதுப் பெண் எடுத்துப் படிக்கும்போது, வேறொரு வீட்டார் தங்களுக்குள் பேசிக்கொள்வதைத் திண்ணையில் உட்கார்ந்து கேட்பவள் போல ஆகிறாள். சில சொற்கள் புரியாமல் போகும், போகட்டும். வாசலில் அந்நியருக்கென்று தனியாகச் சொல்லப்படும் வார்த்தையைவிட, உள்ளே பேசப்படுவதில்தான் ஒரு வீட்டைப் பற்றி அதிகம் தெரிந்துகொள்ளலாம்.

யூதரான ஜெல்லா லெப்மன் நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி லண்டன் சென்றவர். போர் முடிந்ததும் ஜெர்மனிக்குத் திரும்பி, 1946-இல் மியூனிக்கில் பன்னாட்டுச் சிறுவர் நூல் கண்காட்சி ஒன்றை நடத்தினார். 1949-இல் அது பன்னாட்டு இளையோர் நூலகமாக வளர்ந்தது. பல நாடுகளுக்குக் கடிதம் எழுதி, அந்தந்த நாட்டுப் பிள்ளைகள் படிக்கும் நூல்களையே அவர் கேட்டு வாங்கினார். நம்மிடமோ அந்தப் பாதை குறுகிக்கொண்டே வந்திருக்கிறது. ஒரு காலத்தில் மாஸ்கோவிலேயே தமிழர்கள் தங்கி, ருஷ்ய மொழியிலிருந்து நேரடியாகத் தமிழாக்கிய சிறுவர் நூல்கள் மலிவு விலையில் நம் ஊர்களுக்கு வந்தன. சோவியத் ஒன்றியம் கலைந்ததும் அதுவும் நின்றது. இன்று ஆப்கான் சிறுமி டொராண்டோ வழியாகத்தான் தமிழ்நாட்டுக்கு வர வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்தில் இல்லாத பிள்ளை நமக்கு இல்லாத பிள்ளையாகிவிடுகிறது. எல்லிஸ் மீது கோபப்படுவதைவிட இதன் மீது கோபப்படலாம் என்பேன். ஈரானின் சமத் பெஹ்ரங்கி, கிராமப் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1968-இல் வெளிவந்த அவருடைய சின்னக் கறுப்பு மீனின் கதை பாரசீகத்தில் எழுதப்பட்டது. அதைப் பாரசீகத்திலிருந்தே தமிழுக்குக் கொண்டுவரக்கூடியவர்களை நானும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

நெல்லை வாசகர்:

மொழிபெயர்ப்பாளர் சொன்ன பாதைக் குறுக்கம் உண்மை. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் விளக்கிச் சொல்லும் நூல் ஒரு படி தாழ்ந்தது என்பதை ஏற்க மாட்டேன். திண்ணையில் உட்கார்ந்து கேட்க எல்லாப் பிள்ளைக்கும் பொறுமை இருக்காது. கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போகும் ஆளும் வேண்டும். கோலியையும் நீங்கள் முழுதாகத் தள்ளிவிட முடியாது. அவளுக்கு எழுத்துக் கற்றுத் தருபவர் அவளுடைய மாமனார். அரசு தரும் விதவைப் பென்ஷனை மாமியார் கமுக்கமாக எடுத்துக்கொள்கிறார். தன் கைத் தையல் வேலையால் கோலி பிழைத்து எழுகிறாள். பிருந்தாவனத்து விதவைகள் யாருடைய கற்பனையும் அல்லர்.

புத்தகப்பெட்டி (தஞ்சாவூர்):

விதியைக் கைவிடுகிறேன், நைடூவின் பெயர் வந்தபோதே அது ஆட்டம் கண்டுவிட்டது. பர்வானாவைப் பட்டியலில் மீண்டும் சேர்க்கிறேன், ஆனால் முதல் நூலாக அல்ல. ‘டோட்டோ-சான்’ முதலில் வரும். பிற நாட்டுப் பிள்ளை என்றாலே பரிதாபத்துக்குரிய பிள்ளை என்ற எண்ணம் முதல் வாரத்திலேயே விழுந்துவிடக் கூடாது. பிறகு லீலா, அதன் பிறகு பர்வானா. மாணவி குறிப்பிட்ட ஜன்னல் காட்சியை நானே வாய்விட்டுப் படிப்பேன். கோலியைச் சேர்க்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை, நெல்லை வாசகரே. பிருந்தாவனம் உண்மை என்பதும், அந்த நாவலின் இந்தியா மூச்சு முட்டும் அளவுக்கு ஒடுங்கியது என்பதும் எனக்கு ஒரே நேரத்தில் உண்மையாகத் தெரிகின்றன. இதில் நாம் இருவரும் உடன்படப் போவதில்லை.

ஸ்காபரோ அம்மாவிடம் ஒரு வேண்டுகோள். அந்த ஜாம் போத்தல் விளக்கைப் பற்றியும் மச்சாளோடு பிடித்த சண்டையைப் பற்றியும் நான்கு பக்கம் எழுதித் தருவீர்களா? பர்வானாவை முடித்த மறுவாரம் அதைப் படிப்போம்.

ஸ்காபரோ தாய்:

எழுதுகிறேன், ஐயா. அருஞ்சொற்பொருள் மட்டும் தர மாட்டேன். பங்கர் என்ன, போளை என்ன என்று உங்கள் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.