ஸ்கார்பரோ திட்டும் போர்க்கப்பல்களும்

சித்தப்பா: காலையில் நான் அனுப்பிய காணொளியை எல்லோரும் பாருங்கள். தென்சீனக் கடலில் சரக்குக் கப்பல்களைச் சீனா மறிப்பதால்தான் அமெரிக்கா அங்கே போர்க்கப்பல்களை அனுப்புகிறது என்று அதில் சொல்கிறார்கள்.

பெரியப்பா: தம்பி, அந்தக் காணொளி சொல்வது சரியில்லை. சிங்கப்பூரிலிருந்து ஹாங்காங்குக்குச் சரக்குக் கப்பலில் நான் எத்தனையோ முறை போயிருக்கிறேன். ஒரு முறைகூட எங்களை யாரும் மறித்ததில்லை. மறித்தால் சீனாவுக்குத்தான் நஷ்டம், ஏனென்றால் அதன் ஏற்றுமதியும் எண்ணெயும் அதே வழியில்தான் போய்வருகின்றன. தகராறு போர்க்கப்பல்களைப் பற்றியது. கரையிலிருந்து 12 கடல் மைல் வரையுள்ள எல்லைக் கடலுக்குள் பிற நாட்டுப் போர்க்கப்பல் நுழைய முன்அனுமதி வேண்டும் என்கிறது சீனாவின் 1992ஆம் ஆண்டுச் சட்டம். தீங்கின்றிக் கடந்துபோகும் எந்தக் கப்பலுக்கும் அனுமதி தேவையில்லை என்கிறது அமெரிக்கா.

கயல்: மணலைக் கொட்டி உருவாக்கிய தீவுகளுக்கும் அந்த 12 மைல் உண்டா, பெரியப்பா?

பெரியப்பா: கிடையாது அம்மா. 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கைப்படி, மனிதர் கட்டிய தீவைச் சுற்றி 500 மீட்டர் பாதுகாப்பு வளையம் மட்டுமே வைத்துக்கொள்ளலாம். ஓதம் ஏறும்போது மூழ்கிவிடும் இயல்புடைய, தென்சீனக் கடலிலுள்ள சுபி திட்டைச் சீனா நிரப்பித் தீவாக்கியபோது, 2015 அக்டோபர் 27 அன்று லாசன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் அதன் 12 மைலுக்குள் போனது. எதிர்ப்பில்லாமல் விடப்படும் உரிமைகோரல் நாளடைவில் வழக்கமாகி, வழக்கம் சட்டமாகிவிடும் என்பது அமெரிக்காவின் வாதம். அதை நான் ஏற்கிறேன். இப்படிக் கப்பலை அனுப்பி உரிமைகோரல்களை எதிர்க்கும் அமெரிக்கத் திட்டம் சீனாவை நோக்கி மட்டும் வகுக்கப்பட்டதன்று. 1979இல், கார்ட்டர் அதிபராக இருந்தபோதே தொடங்கியது. நட்பு நாடுகளின் கடலிலும் நடக்கிறது.

சித்தப்பா: அதைத்தான் அண்ணா நானும் சொல்ல வந்தேன். 2021 ஏப்ரலில் லட்சத்தீவுக்கு மேற்கே ஏறத்தாழ 130 கடல் மைல் தொலைவில், கடல் வளங்கள் நமக்கே உரிய 200 மைல் பொருளாதார மண்டலத்துக்குள், ஜான் பால் ஜோன்ஸ் என்ற கப்பல் நம் ஒப்புதலைக் கேட்காமலே போனது. போனதோடு நிற்காமல், அமெரிக்கக் கடற்படை அதை அறிக்கையாகவும் வெளியிட்டது. அந்த உடன்படிக்கையில் இன்றுவரை சேராத நாடு, சேர்ந்திருக்கும் நமக்குச் சட்டம் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

பெரியப்பா: உன் கோபம் நியாயமானது. 1994இல் செனட் சபைக்குப் போன உடன்படிக்கை, மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு கிடைக்காமல் இன்னும் அங்கேயே கிடக்கிறது; இது அமெரிக்கா தன் வாதத்துக்குத் தானே செய்துகொள்ளும் கேடு. ஆனால் ஒன்றை நாமும் ஒப்புக்கொள்ள வேண்டும். நம் பொருளாதார மண்டலத்தில் பிற நாட்டுப் படைப்பயிற்சிக்கு நமது ஒப்புதல் தேவை என்று 1995இல் உடன்படிக்கையில் சேரும்போதே இந்தியா அறிவித்தது. சீனாவின் நிலைப்பாட்டுக்கும் அதற்கும் இடைவெளி அதிகமில்லை.

அத்தை: இருவரும் கப்பலைப் பற்றியே பேசுகிறீர்கள். பிலிப்பைன்ஸ் மீனவர்களுக்கு இதனால் என்ன கிடைத்தது, அண்ணா?

பெரியப்பா: மிகக் குறைவுதான் அம்மா, என் மனத்தை உறுத்துவதும் அதுவே. ஸ்கார்பரோ திட்டு பிலிப்பைன்ஸின் லூசோன் தீவிலிருந்து ஏறத்தாழ 120 கடல் மைல். 2012 முதல் அது சீனாவின் பிடியில் இருக்கிறது. தென்சீனக் கடலின் பெரும்பகுதியைத் தனதென்று காட்டும் சீனாவின் ஒன்பது கோட்டு வரைபடத்துக்குள் அடங்கும் வளங்களின்மேல் அதற்கு வரலாற்று உரிமை கோரச் சட்ட அடிப்படை இல்லை என்றும், அந்தத் திட்டில் பிலிப்பைன்ஸ் மீனவர்களின் மரபுவழி மீன்பிடிப்பைச் சீனா தடுத்தது சட்டவிரோதம் என்றும் 2016 ஜூலை 12 அன்று ஹேக் நடுவர் மன்றம் தீர்ப்பளித்தது. சீனா அதை ஏற்கவில்லை. அமெரிக்கப் போர்க்கப்பல் நிலைநாட்டுவது கடந்துபோகும் உரிமையை; மீனவர் கேட்பதோ அங்கேயே நின்று வலை வீசும் உரிமையை. அந்தக் கப்பல் ஒரே நாளில் போய்விடுகிறது. பிலிப்பைன்ஸ் படகுகள்மீது தண்ணீரைப் பீய்ச்சியடிக்கும் சீனக் காவல் கப்பல்கள் அங்கேயே நிற்கின்றன.

கயல்: அந்தத் தீர்ப்பை நிறைவேற்ற வேண்டியவர் யார்?

பெரியப்பா: இரு தரப்பும் கட்டுப்பட வேண்டும் என்பதே சட்டம், கட்டுப்படாதவரை வற்புறுத்த அந்த மன்றத்திடம் படை எதுவும் இல்லை.

சித்தப்பா: காணொளியைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டேன், அண்ணா. எனக்கு அதை அனுப்பியவருக்கும் இந்தத் தீர்ப்பைப் பற்றி எழுதுகிறேன்.