மம்தானியின் வாக்குறுதிகள்: மேயர் கையில் எது, ஆல்பனி (நியூயார்க் மாநில அரசு) கையில் எது? (2025 அக்டோபர்)

கணக்கன்:
நியூயார்க் மேயர் பதவிக்கான ஜனநாயகக் கட்சியின் ஜூன் உட்கட்சித் தேர்தலில் ஜொஹ்ரான் மம்தானி முன்னாள் ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோவைத் தோற்கடித்ததிலிருந்து இந்தப் பக்கம் ஒரே கொண்டாட்டம். வாடகை ஏறாது, பேருந்து இலவசம், ஐந்து வயதுவரை குழந்தைக் காப்பகம் இலவசம். நவம்பர் 4-ல் ஜெயித்தால் இதில் எதை நியூயார்க் மேயர் தன் அதிகாரத்தில் செய்ய முடியும்? மம்தானி 2021 முதல் மாநிலச் சட்டமன்றத்தில் ஆஸ்டோரியா பகுதியின் உறுப்பினர். அதற்கு முன் வீட்டுக்கடன் கட்டத் தவறியவர்களுக்கு ஆலோசகர். பெரிய நிர்வாகம் எதையும் நடத்தியவரல்ல.

ஏழாம்நம்பர்ரயில்:
வாடகை அவர் கையில்தான். வாடகைக் கட்டுப்பாட்டில் உள்ள வீடுகளுக்கு ஆண்டுதோறும் எத்தனை சதவீதம் ஏற்றலாம் என்று முடிவெடுக்கும் வாடகை வழிகாட்டு வாரியத்தின் 9 பேரையும் நியமிப்பவர் மேயர்: வாடகைதாரர் தரப்பில் 2, உரிமையாளர் தரப்பில் 2, பொதுவில் 5. முன்னாள் மேயர் டி பிளாசியோ காலத்தில் 2015, 2016, 2020 என மூன்று முறை ஓராண்டு ஒப்பந்தத்துக்கு 0% உயர்வு வந்தது. புதுமை ஒன்றுமில்லை.

கணக்கன்:
நியமிப்பவர் மேயர்; ஆனால் உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிய வேண்டுமே. மேயர் ஆடம்ஸ் பதவியைவிட்டுப் போகும்முன் இடங்களை நிரப்பிவிட்டால்? அது நடக்காவிட்டாலும் வாரியம் வாக்களிப்பது ஜூன் மாதம், அமலாவது அக்டோபர் 1 முதல் தொடங்கும் ஒப்பந்தங்களுக்கு. ஜனவரியில் வாடகை நிற்கும் என்று நம்புகிறவர்கள் இதைப் படிக்கட்டும். இன்னொன்று: வரி, எரிபொருள், காப்பீட்டுச் செலவுகளை வாரியம் பரிசீலிக்க வேண்டும் என்பது சட்டம். முடிவை முன்கூட்டியே மேடையில் அறிவித்துவிட்டால் உரிமையாளர்கள் வழக்குப் போட வழி திறந்துவிடும்.

வடகாற்று:
இருவரும் கட்டடத்தை மறந்துவிட்டீர்கள். வாடகைக் கட்டுப்பாட்டில் இருப்பவை சுமார் 10 லட்சம் வீடுகள். பெரும்பாலும் 1974-க்கு முன் கட்டிய, ஆறு வீடுகளுக்குக் குறையாத கட்டடங்கள். முன்பு ஆள் மாறும்போது வாடகையை 20% வரை ஏற்றலாம். 2019-ல் வந்த மாநிலச் சட்டம் அதை எடுத்துவிட்டது. மிச்சம் பெரும்பாலும் வாரியம் தரும் சதவீதம்தான். 2025-ல் ஓராண்டு ஒப்பந்தத்துக்கு 3%. பாதி வீடுகள் சந்தை வாடகையில் ஓடும் கட்டடம் 0%-ஐத் தாங்கும். பிராங்ஸில் முழுக் கட்டடமும் கட்டுப்பாட்டில் இருந்தால், நாலு வருடம் தொடர்ந்து 0% என்றால் முதலில் தள்ளிப்போவது வீடுகளைச் சூடாக்கும் கொதிகலனை மாற்றும் வேலை. குளிர்காலத்தில் அவதிப்படப்போவது குடியிருப்பவர்.

ஏழாம்நம்பர்ரயில்:
நியாயம். அந்தக் கட்டடங்களுக்குத் தனி உதவி வேண்டும். ஆனால் பேருந்தில் அவர் வெறும் பேச்சல்ல. அவர் முன்னின்று கேட்ட இலவசப் பேருந்துச் சோதனை 2023 செப்டம்பர் முதல் ஓராண்டு, நகரின் ஐந்து பரோக்களிலும் (பெரும்பகுதிகளிலும்) ஒவ்வொரு தடத்தில் நடந்தது. வார நாட்களில் பயணம் ஏறக்குறைய 30% கூடியது, ஓட்டுநர்மீதான தாக்குதல் குறைந்தது.

கணக்கன்:
வேகம் கூடவில்லை, அதையும் எழுதுங்கள். ஏறும் கூட்டம் பெருத்தால் நிறுத்தத்தில் நிற்கும் நேரமும் பெருகும். 2025-ல் கட்டணம் 2.90 டாலர், அதை நிர்ணயிப்பது மாநிலத்தின் போக்குவரத்து அமைப்பான எம்.டி.ஏ., அதன் நிர்வாகக் குழுவுக்கு மேயர் பரிந்துரைப்பது நாலே பேரை. எம்.டி.ஏ. கடன் பத்திரங்களுக்குக் கட்டண வருவாயும் ஈடு. இலவசம் என்றால் அந்தப் பணத்தை ஆண்டுதோறும் வேறு யாராவது உறுதியாகக் கொடுக்க வேண்டும்.

வடகாற்று:
அதற்குத்தான் பெருநிறுவன வரியை 7.25%-லிருந்து 11.5% ஆக்குவதும், 10 லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிப்பவருக்குக் கூடுதலாக 2% போடுவதும். இரண்டுக்கும் ஆல்பனி சம்மதிக்க வேண்டும். வருமான வரியை ஏற்ற மாட்டேன் என்கிறார் ஆளுநர் ஹோக்கல்.

சும்மாஒருவன்:
மம்தானி உகாண்டாவின் கம்பாலாவில் பிறந்து 2018-ல்தானே அமெரிக்கக் குடியுரிமை வாங்கினார், போட்டியிடவே முடியுமா?

வடகாற்று:
முடியும். பிறப்பால் குடிமகன் என்ற விதி அதிபருக்கும் துணை அதிபருக்கும் மட்டும். இதோடு இதை விடுங்கள்.

ஏழாம்நம்பர்ரயில்:
ஹோக்கலுக்கு 2026 நவம்பரில் தேர்தல். மாநில பட்ஜெட் ஏப்ரல் 1-க்குள் முடிய வேண்டும். நகர வாக்கு இல்லாமல் அவரால் ஜெயிக்க முடியாது, பேரம் அங்கேதான்.

கணக்கன்:
புறநகர் வாக்கும் வேண்டும் ஐயா. தேர்தல் ஆண்டில் வரி ஏற்றுவாரா? காப்பகத்துக்கு ஏதாவது கொடுப்பார், பேருந்துக்குக் கொடுக்க மாட்டார் என்பது என் கணிப்பு.