ஏழு வீடு காட்டியது நான், கமிஷன் வேறொருவருக்கா?

பால்மரத்து நிழல்:
வணக்கம். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் ஒரு வீடு விற்பனை ஏஜென்சியில் நெகோஷியேட்டராக, அதாவது வீடு காட்டிப் பேசி முடிக்கும் முகவராக இருக்கிறேன். தோட்டத்தில் வேலை செய்யும் ஓர் அம்மாவுக்கும் அவர் மகனுக்கும் ஏழு வீடு காட்டினேன். மகனின் சேமநிதியில், அதன் ஒரு பிரிவான செஜாதெரா கணக்கிலிருந்து வீட்டுக்குப் பணம் எடுக்கலாம் என்று சொல்லிக் கொடுத்து, அதற்காக ஈப்போவுக்குக் கூட்டிப் போனதும் நான்தான். போன வாரம் என் அலுவலகத்துத் தம்பி ஒருவர் 240,000 ரிங்கிட் வீட்டை அவர்களுக்கு முடித்துவிட்டார். கமிஷன் 3 விழுக்காடு என்றால் 7,200 ரிங்கிட். எனக்கு ஒரு காசு இல்லை. அவரிடம் பேசுவதையே நிறுத்திவிட்டேன். முதலாளியிடம் புகார் கொடுக்கப் போகிறேன்.

தாமான்வாசி:
சகோதரி, கமிஷன் கொடுப்பது வீட்டை விற்பவர். விற்பவரைத் தேடிப் பிடித்து லிஸ்டிங், அதாவது வீட்டை விற்றுத்தரும் பொறுப்பை வாங்கியது அந்தத் தம்பி. உங்கள் ஏழு வீட்டில் எதுவும் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. வாங்குபவர் நமக்குச் சொந்தமானவர் இல்லை.

செம்பனைக்காரி:
வெளி ஏஜென்சியிலிருந்து ஒருவர் ஆள் கூட்டி வந்தால் கோ-புரோக் என்று கமிஷனில் பங்கு தருகிறோம். பக்கத்து மேசையில் இருப்பவருக்கு மட்டும் ஒன்றுமில்லையா?

தாமான்வாசி:
கோ-புரோக் என்றால் அந்த வீட்டுக்கே ஆளைக் கூட்டி வர வேண்டும். இவர் கூட்டி வரவில்லையே. கடைசியாக எப்போது வீடு காட்டினீர்கள் சகோதரி?

பால்மரத்து நிழல்:
இரண்டு மாதம் முன்பு. என் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, அதனால் இடையில் போக முடியவில்லை. ஆனால் அவர்கள் என் ஆட்கள் என்று அந்தத் தம்பிக்குத் தெரியும்.

ஈப்போக்காரன்:
சிறு கோரிக்கை வழக்கு போடுங்கள். 5,000 ரிங்கிட் வரை கேட்கலாம், வக்கீல் தேவையில்லை.

பழைய லைசென்ஸ்:
ஈப்போக்காரன் தம்பி, அவசரப்படாதீர்கள். நானும் சிறிய ஏஜென்சி நடத்துகிறேன். நெகோஷியேட்டர் ஒரே நிறுவனத்தின் கீழ்தான் இருக்க முடியும். கமிஷன் நிறுவனத்துக்குத்தான் வரும். அதில் யாருக்கு எவ்வளவு என்பது, சேரும்போது கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் இருக்கும். தங்கச்சி, முதலில் அதை எடுத்துப் படியுங்கள். அப்புறம் வீடு காட்டிய தேதிகள், வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, அந்தத் தம்பியையும் வைத்துக்கொண்டே முதலாளியிடம் பேசுங்கள். தனியாகப் போய்ச் சொன்னால் அது கோள் மாதிரி ஆகிவிடும்.

இன்னொன்று. அந்த அம்மாவிடம் போய் “யார் முதலில் வந்தது, நீங்களே சொல்லுங்கள்” என்று தயவுசெய்து கேட்காதீர்கள். என் அலுவலகத்தில் இரண்டு பேர் ஒரு கடைவீட்டுக்கு அப்படித்தான் மாறி மாறிப் போன் செய்தார்கள். வாங்க வந்தவர் பயந்து போய், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே விலகிவிட்டார். இருவருக்கும் ஒன்றும் இல்லை. அதன் பிறகுதான் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்தேன்: வாடிக்கையாளர் பெயரை எழுதியவருக்கு 60 நாள் உரிமை, தொடர்ந்து பேசினால் புதுப்பிக்கலாம். இன்றும் சண்டை வருகிறது, ஆனால் ஐந்து நிமிடத்தில் முடிகிறது.

தாமான்வாசி:
நோட்டு நல்ல யோசனை. ஆனால் அந்தக் கணக்கில் பார்த்தால் இவருடைய 60 நாள் முடிந்திருக்குமே?

செம்பனைக்காரி:
இல்லாத விதியை இப்போது கொண்டுவந்து இவர் தலையில் கட்டாதீர்கள். அந்த அம்மா வீடு வாங்கும் தைரியத்துக்கு வந்ததே இவரால்தான். அந்த உழைப்புக்குக் கொஞ்சமாவது பங்கு வேண்டும்.

பால்மரத்து நிழல்:
இன்று மாலை அந்தத் தம்பியிடம் நானே பேசினேன். “நீங்கள் வேலையை விட்டுவிட்டீர்கள் என்று நினைத்தேன் அக்கா” என்றார். இரண்டு வாரம் நான் அலுவலகம் வராததால் அப்படி நினைத்திருக்கிறார். தன் பங்கில் கால்வாசி தருகிறேன் என்கிறார், நான் பாதி கேட்டேன். ஒத்துவரவில்லை. ஒப்பந்தத்தையும் தேடி எடுத்துவிட்டேன், உள்பங்கு பற்றி அதில் ஒரு வரி கூட இல்லை. திங்கட்கிழமை காலை முதலாளி முன்னால் இருவரும் உட்காருகிறோம். நோட்டுப் புத்தகத்தைப் பற்றியும் கேட்கப் போகிறேன்.