தனியாள் பாய்மரப் போட்டித் தண்டனைகள்: தெரிந்தவர்கள் சொல்லுங்கோ

வணக்கம் அண்ணாமார், அக்காமார். திருகோணமலை உட்துறைமுகத்தில் சின்னப் பாய்மரப் படகு ஓட்டிப் பழகுகிற ஆள் நான், வெண்டே குளோப் (தனியாளாக, எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றும் பாய்மரப் போட்டி) விதிகளைப் படித்துத் தலை சுற்றுகிறது. 2020-21இல் சார்லி டாலன் முதலில் வந்தும், படகு மூழ்கிய சக வீரரைத் தேடப் போனதற்காக 10 மணி நேரம் 15 நிமிடத்தை ஈடாகத் தன் பயண நேரத்தில் கழித்துப் பெற்ற யானிக் பெஸ்தவென்தான் வென்றார். அது நியாயம்தான்.

தண்டனைப் பக்கம்தான் பிடிபடவில்லை. போட்டியில் தடைசெய்த கப்பல் பாதை வலயத்துக்குள் (நம்ம தேவேந்திரமுனைக்குத் தெற்கேயும் அப்படியொரு பாதை இருக்கிறதே) நுழைந்தால் மணிக்கணக்கில் தண்டனை. சரி, தனியாள் தூங்காமல் இருக்க முடியுமா? தானியங்கிச் சுக்கானைக் காற்றுக் கோணத்தில் விட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்தால், காற்றுத் திரும்ப படகும் கூடவே திரும்பிக் கோட்டைத் தாண்டிவிடும். எல்லைக்கு எத்தனை மைல் முன்னால் எச்சரிக்கை மணி வைப்பீர்கள்? அந்த நேரம் திசைகாட்டிக் கோணத்துக்கு மாற்றிவிட்டுத் தூங்குவது நல்லதா?

அப்புறம், கரையிலிருந்து கூட்டாளி வாட்ஸ்அப்பில் "வடக்கே போ, காற்று இருக்கு" என்றால் அது விதி தடுக்கிற வெளியுதவி, அது விளங்குகிறது. வெறுமனே "அங்க மழையா?" என்று கேட்டால்? கடலோடிய அனுபவமுள்ளவர்கள் யாராவது சொல்லுங்கோ.