“கொஞ்சம் அசையாம இருங்க”: மூளை ஸ்கேன் ஆய்வில் படுத்தவர்களும் படுக்க வைத்தவர்களும் வாங்க

கல்பொறுக்கி:
மறதி நோய் ஆய்வு ஒன்றில் வேலை பார்க்கிறேன். வந்து குவியும் எம்ஆர்ஐ படங்களில் தேறியதையும் தேறாததையும் பிரிப்பதுதான் என் பாடு. வீட்டில் விஞ்ஞானி என்று சொல்லிக்கொள்கிறார்கள். உண்மையில் கல் பொறுக்கும் வேலை.

தலை அசைந்தால் படத்தில் அலை அலையாகக் கோடு விழும், குளத்தில் கல் எறிந்த மாதிரி. அப்படிப் பளிச்சென்று கெட்ட படத்தால் தொல்லை இல்லை, தூக்கிப் போட்டுவிடலாம். வம்பு பண்ணுவது லேசாக அசைந்த படம்தான். பார்வைக்குச் சுத்தமாக இருக்கும். மென்பொருளில் ஏற்றினால் மூளையின் சாம்பல்நிறப் பகுதியைக் குறைத்து அளக்கும், அதன் வெளி அடுக்கான புறணியை மெலிதாகக் காட்டும். 2015-இல் ஒரு குழு, நோய் எதுவும் இல்லாதவர்களைப் படுக்க வைத்து, வேண்டுமென்றே தலையை ஆட்டச் சொல்லி எடுத்துப் பார்த்தது. அவர்கள் மூளையும் சுருங்கிய மாதிரிதான் அளவில் வந்தது. மறதி நோயில் நாங்கள் வருடாவருடம் தேடுவதும் இதே சுருக்கத்தைத்தான்!

ஒரு டீச்சரம்மா வந்தார். முதல் வருடம் கல் மாதிரி படுத்திருந்தார், படம் கண்ணாடி. இரண்டாம் வருடம் மெஷின் டக் டக்கென்று ஆரம்பித்ததும், “யாரு கதவத் தட்டுறா?” என்று தலையைத் தூக்கிவிட்டார். டெக்னீஷியன் மைக்கில் சமாதானம் சொன்னதும் படுத்தார். அடுத்த ஓட்டம் தொடங்கியதும் மறுபடி, “யாருன்னு பாருங்களேன்.” நாலு தடவை. ஒரு படம்கூடத் தேறவில்லை. என் ஷீட்டில் அவர் பெயருக்குப் பதிலாக இருக்கும் எண்ணுக்கு எதிரே “நீக்கம் - அசைவு” என்று போட்டேன். போட்ட பிறகுதான் உறைத்தது, அந்த ஒரு வருடத்தில் அவர் மூளையில் என்ன ஆனது என்று காட்டியிருக்க வேண்டிய படமல்லவா அது?

உங்களுக்கு இப்படி ஏதாவது உண்டா?

சும்மாவந்தவன்:
நான் நோயில்லாத ஆள். ஒப்பிட்டுப் பார்க்க ஆள் வேண்டும் என்றார்கள், போனேன். காதில் பஞ்சடைப்பான், அதற்கு மேல் ஹெட்போன், முகத்துக்கு மேல் கூண்டு, கூண்டில் ஒரு குட்டிக் கண்ணாடி. “அசையாதீங்க” என்று சொன்ன நொடியில் மூக்கு அரிக்க ஆரம்பித்தது பாருங்கள். அதுவரை எனக்கு மூக்கு இருப்பதே தெரியாது. எச்சில் விழுங்கலாமா என்று கேட்க மறந்து வாய் நிறைய வைத்துக்கொண்டு கிடந்தேன். வெளியே வந்து கேட்டால், விழுங்கியிருக்கலாமே என்று சிரிக்கிறார்கள்.

மூத்தபிள்ளை:
அப்பாவுக்கு பார்க்கின்சன். ஆய்வுக்கு ஒத்துக்கொண்டது அவர்தான், எனக்கு இஷ்டமில்லை. மாத்திரையின் வேலை கலக்காமல் மூளையைப் பார்க்க வேண்டுமாம், அதனால் முதல் நாள் ராத்திரியோடு மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். பன்னிரண்டு மணி நேரம். காலையில் அவரைக் கட்டிலில் புரட்டி உட்கார வைக்கவே இரண்டு பேர் வேண்டியிருந்தது.

இந்த நோயில் ஒரு விசித்திரம் உண்டு. கை சும்மா கிடந்தால்தான் நடுங்கும். டம்ளரை எடுக்கப் போனால் அடங்கிவிடும். அதாவது அசையாமல் படுங்கள் என்றால் அதுவே நடுக்கத்துக்குத் தாம்பூலம் வைத்து அழைக்கிற மாதிரி. இதில் உள்ளே வைத்துக் கணக்கு வேறு போடச் சொன்னார்கள், நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்க வேண்டும். மனக்கணக்கு போட்டால் நடுக்கம் இன்னும் ஏறும், இது வீட்டில் இருக்கும் எங்களுக்கே தெரியும். கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வலது கை போர்வைக்குள் மீன் மாதிரி துள்ளுகிறது. டெக்னீஷியன் அக்கா உள்ளே போய்க் கைக்கு அடியில் ஸ்பாஞ்ச் வைத்தார், பட்டை போட்டார், கடைசியில் ஒரு நிமிஷம் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அப்பா வெளியே வந்ததும் முதல் கேள்வி: “படம் நல்லா வந்துச்சாம்மா?” அந்த அக்கா, “நல்லா ஒத்துழைச்சீங்கப்பா” என்றார். நல்லா வந்தது என்று சொல்லவில்லை. கல்பொறுக்கி, உங்களைத்தான் கேட்கிறேன், அந்தப் படம் என்ன ஆகியிருக்கும்?

எண்சுவடி:
எனக்குப் புள்ளியியல் வேலை, நோயாளியை நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் இந்த அசைவு எங்கள் தலையிலும் கல்லைப் போட்ட கதை ஒன்று உண்டு.

எஃப்எம்ஆர்ஐ என்றால் ரத்தத்தில் பிராணவாயு மாறுவதை வைத்து எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று ஊகிப்பது. இரண்டு பகுதிகள் ஒரே தாளத்தில் ஏறி இறங்கினால் அவற்றுக்குள் தொடர்பு இருக்கிறது என்று கணக்கு. குழந்தைகளுக்குப் பக்கத்துப் பகுதிகளோடு தொடர்பு பலம், தூரத்தோடு பலவீனம், வளர வளர மாறும் என்று அழகழகான முடிவுகள் வந்துகொண்டிருந்தன. ஆட்டிசத்திலும் தூரத் தொடர்பு பலவீனம் என்றார்கள். 2012-இல் தனித்தனியாகச் சில குழுக்கள் எழுதின: தலை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக அசைந்தாலே இதே தோரணை வரும், பக்கத்துத் தொடர்பு கூடும், தூரத்துத் தொடர்பு குறையும். குழந்தைகள் பெரியவர்களைவிட அதிகம் அசைவார்கள் என்பதற்கு ஆய்வு வேண்டுமா? அந்த முடிவுகள் எல்லாமே பொய் என்று சொல்லவில்லை. ஆனால் மூளை எவ்வளவு, நெளிதல் எவ்வளவு என்று பிரிக்க ஆரம்பித்ததே அதற்குப் பிறகுதான். நானும் அந்த வரிசையில் ஒரு கட்டுரையில் பெயர் போட்டவன். அதைப் பற்றி இதற்கு மேல் கேட்காதீர்கள்.

அசையாமல் படுத்தால் போதுமா என்றால் அதுவும் இல்லை. செத்த சால்மன் மீனை மெஷினில் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டி, இவர் என்ன உணர்கிறார் என்று கேட்ட கதை தெரியுமல்லவா? 2009-இல் கிரெய்க் பென்னட்டும் கூட்டாளிகளும் செய்தது. அதைவிட அசையாமல் படுத்த பங்கேற்பாளர் கிடையாது. அதன் மூளையிலும் ஒரு புள்ளி ‘வேலை செய்தது’. பல்லாயிரம் இடங்களில் சோதித்தால் ஒன்றிரண்டு தற்செயலாக மாட்டும், அதற்குத் தக்கபடி கணக்கைத் திருத்தினால் மீன் மறுபடி செத்துவிடும். 2012-இல் இதற்கு இக் நோபல் கொடுத்தார்கள், முதலில் சிரிக்கவும் பிறகு யோசிக்கவும் வைக்கிற ஆராய்ச்சிகளுக்குத் தரும் வேடிக்கைப் பரிசு.

தூங்காதவள்:
எண்சுவடி சொன்ன நெளிகிற கூட்டத்தில் என் பையனும் ஒருத்தன், ஆட்டிசம், ஒன்பது வயசு. நாங்கள் போன இடத்தில் முதலில் பொம்மை மெஷினில் பழக்கினார்கள். காந்தம் கிடையாது, வெறும் குழாயும் ஒலிப்பதிவும்தான். உள்ளே கார்ட்டூன் ஓடும், தலை அசைந்தால் நின்றுவிடும். மூன்றாவது நாள் பதினைந்து நிமிஷம் படுத்தான். வீட்டில் பதினைந்து நொடி படுத்ததில்லை. உண்மையான மெஷினுக்குள் போனதும் அந்தச் சத்தத்தை வாயால் சேர்ந்து பாட ஆரம்பித்துவிட்டான், அது வேறு கதை. தாடை ஆடினால் தலையும் ஆடுமாம்.

அவன் கூட வந்த இன்னொரு பையனுக்குப் பேச்சே கிடையாது. அவன் பொம்மை மெஷின் வாசலோடு திரும்பிப் போய்விட்டான். அவனை மாதிரிப் பிள்ளைகள் எந்தக் கட்டுரையில் வருவார்கள் என்று இன்றைக்கு இதைப் படிக்கும்போதுதான் யோசிக்கிறேன்.

கல்பொறுக்கி:
மூத்தபிள்ளை, உங்கள் அப்பா படம் பற்றி எனக்குத் தெரிய வழியில்லை. கை நடுங்கினாலும் தலை நிலையாக இருந்தால் பெரும்பாலும் தப்பிக்கும். தலைவரைக்கும் அதிர்ந்திருந்தால் என்னை மாதிரி ஒருத்தர் கையில் போயிருக்கும். மழுப்பவில்லை.

தூங்காதவள் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி எங்கள் ஷீட்டைத் திறந்து ஞாபகசக்தித் தேர்வு மதிப்பெண் வரிசையில் அடுக்கினேன், குறைந்தது மேலே வருகிற மாதிரி. முதல் திரை முழுக்க “நீக்கம் - அசைவு”, “நீக்கம் - அசைவு”. மூன்றாவது வரி டீச்சரம்மா.

அடுத்த மாதம் அவர் முறை மறுபடி வருகிறது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் “தட்டுறது மெஷின்தாம்மா, வாசல்ல யாரும் இல்ல” என்று மைக்கில் சொல்லச் சொல்லி டெக்னீஷியனிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.