அரைகுறை இலக்கம், ஆள் மாறிய உரப்பை

தரவுத்தளத்தில் அடையாள அட்டை இலக்கத்தைத் தேடும்போது பட்ட சிக்கல்கள் பற்றி இருவர் எழுதியவை.

கிளிநொச்சியிலிருந்து:

இரணைமடுத் தண்ணீரில் வயல் செய்கிற ஒரு கமக்காரர் அமைப்புக்குக் கம்பியூட்டர் வேலை பார்த்துக்கொடுத்த காலம். காலபோகத்துக்கு (மாரிகால நெற்செய்கைக்கு) உரம் கொடுக்கும் நாள், வெளியே நீண்ட வரிசை. வயதான அம்மா ஒருவர் அடையாள அட்டையை நீட்டினார். அவருக்கு ஏற்கெனவே கொடுத்தாயிற்று என்றது திரை. "இல்லைத் தம்பி, இந்தப் போகத்துக்கு நான் ஒரு பையும் எடுக்கேல்லை" என்றார். அத்தனை பேர் முன்னால் பொய்காரி போல அவரை நிற்க வைத்ததை நினைத்தால் இன்றும் மனம் நோகிறது.

விநியோகப் புத்தகத்தைப் புரட்டினேன். காலையில் கையெழுத்து வைத்தவர் வேறொரு பெண். இருவரின் இலக்கமும் 6252 என்று தொடங்கியது.

அது பொக்ஸ்புரோ என்ற பழைய தரவுத்தள மென்பொருளில் எழுதிய புரோகிராம். அட்டை இலக்கத்தில் இன்டெக்ஸ் (விரைவாகத் தேட உதவும் சுட்டி) இருந்தது, ‘சீக்’ கட்டளையால் தேடும், கண் இமைக்க முன் பதிவு வந்துவிடும். ஆனால் முழுப் பொருத்தம் வேண்டுமா என்று சொல்லும் ‘செட் எக்சாக்ட்’ ஓஃப் நிலையில் இருந்தால், கொடுத்த எழுத்துகளில் தொடங்கும் முதல் பதிவிலேயே போய் நின்று ‘கிடைத்தது’ என்கும். வழமையாக அது ஓஃப்தான். காலையில் அந்தப் பெண்ணின் இலக்கத்தில் நாலை அடித்ததும் யாரோ அவசரத்தில் என்ரரைத் தட்டியிருக்கிறார்கள், அது இந்த அம்மாவின் பதிவில் போய் நின்றுவிட்டது. பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று இலக்கம், பிறந்தது அந்த ஆண்டின் எத்தனையாம் நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூடும். ஆகவே 1962 ஜனவரி 20 முதல் 29 வரை பிறந்த பெண்கள் எல்லோருக்கும் 6252தான்.

அன்றிரவே ‘செட் எக்சாக்ட் ஓன்’ போட்டேன். இலக்கம் முழு நீளம் இல்லாவிட்டால் தேடவே விடாதபடி மாற்றினேன். அப்புறம் 12 இலக்கப் புதிய அட்டைகள் வந்தபோது பழையவற்றையும் அதே வடிவுக்குக் கொண்டுவந்தேன்: முன்னால் 19, ஐந்தாம் இலக்கத்துக்குப் பின் ஒரு 0, கடைசி எழுத்தை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரே ஆள் இரண்டு பதிவாகிவிடுவார்.

ஒட்டுசுட்டானிலிருந்து:

எங்களுக்கு மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில் வேறு சிக்கல். அட்டை இலக்க நிரல் எழுத்து வகை. தேடும்போது மேற்கோள்குறி இல்லாமல் எண்ணாகக் கொடுத்திருந்தோம். இன்டெக்ஸ் இருந்தும் ஒவ்வொரு தேடலுக்கும் முழு டேபிளையும் வாசித்தது. எப்படித் தேடுகிறது என்று காட்டும் ‘எக்ஸ்பிளெய்ன்’ கட்டளையைப் போட்டுப் பார்த்தால் வகை ‘ஓல்’ (முழு டேபிளும்) என்றிருந்தது. இரண்டு மேற்கோள்குறி போட்டதும் ‘ரெஃப்’ (இன்டெக்ஸ் வழியாக) என்று மாறியது, பதிலும் உடனே வந்தது.